நாற்பத்தேழாம் வழியிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள்

கிரீண்தால்,
19 ஆகஸ்ட் 2024

மலை ஏறும் வழிகளுக்கான கையேட்டின் ஆசிரியர், மதிப்பிற்குரிய திரு. லெயாண்டர் ஹென்சன் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற மலை வழிகாட்டி தெயோடுல் ஏப்னர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், மனைவி சென்ஸி, மகள் அஃப்ரா, பதினோரு ஆடுகள் அனைவரும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் நீங்கலாக. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவன் அருள்வானாக.

ஐயா, முதலில் மன்னிப்பு. புதுப் பதிப்பு வருகிறது என்று ஜூலை மாதம் எழுதியிருந்தீர்கள். யாரோ ஒரு வாசகர் ரோட்ஹோர்ன் மலையின் செங்குத்தான தெற்குத் தூண் பாறையில், அதாவது வழி எண் 47-இல் ஏறினாராம். தூண் முடிகிற புல் திட்டில் பழைய இரும்பு வளையம் ஒன்று பாறையில் அடித்திருந்ததாம். எனக்கு முன்பே யாரோ ஏறியிருக்கலாம் என்பதால் 'தெயோடுல் தூண். முதலில் ஏறியவர்: தெ. ஏப்னர், 1979' என்ற வரியை வைத்திருப்பதா எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் மூன்று கடிதம் போட்டேன். முதல் கடிதத்தில் அந்த வாசகரைக் கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன். இரண்டாவதில், வளையத்தைக் காக்காய் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கும் என்றேன். மூன்றாவதைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கோபம் வராமல் என்ன செய்யும் ஐயா? முப்பது வருஷம் கழுத்தில் வழிகாட்டிச் சின்னத்தை மாட்டிக்கொண்டு ஊரார் எல்லாரையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். ஆனாலும் என் பெயரில் இருப்பது அந்த ஒரே ஒரு வழிதான். அதையும் பிடுங்கினால் என்னிடம் மிச்சம் முழங்கால் வலிதான். அதனால் நானே போய் அந்த வளையத்தைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். அஃப்ராவும் வழிகாட்டிதான், அப்பனுக்கு மேலே கெட்டிக்காரி. "அப்பா, எழுபத்தோரு வயசுல இந்த வம்பு எதுக்கு? நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்"னா. "அது என் பாறைடி, உனக்கு என்ன தெரியும்"னு நான் ஒரே பிடிவாதம். சரின்னு கயித்தைக் கட்டினா. மொத்தம் எட்டுக் கயிற்று நீளம் ஏறணும். இரண்டாவது கயிற்று நீளத்திலேயே என் பழைய பூட்ஸோட அடித்தோல் வாயைப் பிளந்துடுச்சு. நாலாவதில் பையிலிருந்த பாலாடைக்கட்டி உருண்டு நேரா பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தது, எங்களுக்கு முன்னாடியே. ஆறாவதில் பாறை வயிறு மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்குமே, அங்கே நான் காலுமில்லாம கையுமில்லாம அந்தரத்தில் தொங்கறேன், மேலேயிருந்து ஒரு குரல்: "அப்பா, இந்த எடத்தைப் புத்தகத்துல 'சிரமம்: நடுத்தரம்'னு போட்டிருக்கே, எந்தப் புண்ணியவான் எழுதினான்?" எழுதினவன் நான்தானே, என்னத்தைச் சொல்றது? "தூக்குடி"ன்னேன். ஆட்டுக்குட்டியைத் தூக்குற மாதிரி தூக்கினா.

திட்டில் போய் விழுந்தேன். வளையம் இருக்கத்தான் செய்தது. துருப்பிடித்த, கட்டைவிரல் தடிமன் வளையம். சரி, எவனோ நமக்கு முன்னால் ஏறியிருக்கிறான் என்று நெஞ்சு கனத்துப்போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் பக்கத்து வெடிப்பில் ஒரு மாட்டுக்கொம்பு செருகியிருப்பதைப் பார்த்தேன். அரிவாள் தீட்டும் கல்லைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வோமே, அந்தக் கொம்பு. கல்கூட உள்ளேயே இருந்தது. நம் பள்ளத்தாக்கில் எந்தச் சாமானானாலும் அவரவர் வீட்டுக் குறியைச் சூடு போட்டுத்தானே வைப்போம். துடைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு, ஒரு வட்டம். என் மாமனார் வீட்டுக் குறி ஐயா! அந்த வீட்டிலிருந்து மலைப்புல் அறுக்கப் போனவள் ஒருத்திதான்.

எட்டுக் கயிற்று நீளமும் தொங்கித் தொங்கி இறங்கி வீட்டுக்கு வந்து, சென்ஸி ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த மேசையில் கொம்பை வைத்தேன்.

"அட, இது அங்கேயா கெடந்துச்சு! இதைத் தொலைச்சதுக்கு எங்கப்பா ஒரு வாரம் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசலை."

"நீ அந்தத் திட்டுக்குப் போயிருக்கியா?"

"அந்தப் புல்லு எங்க வீட்டுப் பங்காச்சே. பதினாலு வயசுலேருந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் வருஷாவருஷம் நான்தான் போவேன். புல்லுக்கட்டைக் கம்பியில மாட்டி எறக்கத்தானே அந்த வளையத்தை அடிச்சது. சூப் ஆறிடும், சாப்பிடுங்க."

ஐயா, யோசித்துப் பாருங்கள். நான் இருபத்தாறு வயதில் புதுக் கயிறு, பாறையில் அடிக்கும் புது ஆணி, புது பூட்ஸ் எல்லாம் போட்டு, நாள் முழுக்கப் போராடி ஏறி, மேகத்துக்குள் அந்தப் பாறையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவ என்னடான்னா பாவாடையும் ஆணி அடிச்ச பூட்சுமா, தோள்ல ஆளுயர அரிவாள், இடுப்புல கொம்பு, மடியில ஒரு துண்டு ரொட்டி, அந்தப் புடைப்பையும் தாண்டி ஏறி, போனதுக்கு நாள் முழுக்கப் புல்லையும் அறுத்து, சாயங்காலம் எறங்கி வந்து மாட்டுக்குப் பாலும் கறந்திருக்கா! அதைப் பத்தி இந்த நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு வார்த்தை? மூச்! நான் விருந்தாளிகள் கிட்ட அந்தத் தூணைப் பத்தி அளக்குறப்பெல்லாம் பக்கத்துலயே உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தாளே! இப்படி ஒரு பெண்ணரசியோடவா குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன்? இந்தப் பத்து நாளாக அவளை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விறகை நானே சுமக்கிறேன், காப்பியை நானே போடுகிறேன். "என்ன, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள் இதுதான். என் பெயரை அடித்துவிடுங்கள். இனி அது 'சென்ஸி தூண்'. முதலில் ஏறியவர்: க்ரெசென்ஸ் ரீடர் (பிறந்த வீட்டில் சென்ஸியின் முழுப்பெயர்), 1971, வயது பதினான்கு, கயிறு இல்லாமல், அரிவாளுடன். 'அரிவாளுடன்' என்பதைத் தடித்த எழுத்தில் போடவும். எனக்கு வருத்தம் இல்லை. பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பெருமை அதை அமுக்கிவிட்டது.

தங்கள் புத்தகம் வீடுதோறும் விளங்கட்டும், தங்கள் வாசகர் எவர் காலும் வழுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிந்த,
தெயோடுல் ஏப்னர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைச் சென்ஸிக்குப் படித்துக் காட்டினேன். அவள் புடைப்பைத் தாண்டி ஏறிய வரி வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"நானா? அந்தத் தூண்லயா? எனக்கென்ன பைத்தியமா?"

"பின்னே எப்படிப் போனே?"

"திட்டுக்குப் பின்னாடி புதர் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு சந்து. ஆட்டுத்தடம். மேய்ச்சல் மேட்டுலேருந்து இருபது நிமிஷம். எங்க கிழட்டு ஆடே போய்ட்டு வரும்."

"ஏன்டி இத்தனை நாளா சொல்லலை?"

"எந்த வழியா போனேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

ஒரு இடத்துக்கு நேராக மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கலாம் என்று எங்கள் மலையேறும் ஆட்கள் யாருக்கு ஐயா தோன்றியிருக்கிறது? கையேட்டில் நான் எழுதியதை நம்பி இத்தனை வருஷமாக எத்தனை பேர் அங்கிருந்து கயிற்றில் தொங்கி இறங்கினார்களோ!

அதோடு விட்டாளா? "எழுபத்தொம்பதுல நீங்க ஏறின அன்னிக்கும் நான் அங்கதான் இருந்தேன்"னா. "புல்லுக் குவியலுக்குப் பின்னாடி, பத்தடி தள்ளி. மேகத்துல உங்களுக்குத் தெரியலை. நீங்க பாறையைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. அப்போ போய் அரிவாளும் கையுமா முன்னாடி நிக்க எனக்கு மனசு வரலை. ஒளிஞ்சுக்கிட்டேன். அந்த அவசரத்துலதான் கொம்பை அங்கேயே விட்டுட்டேன்."

ஆகவே ஐயா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, பழைய வரியைப் பழையபடியே போடுங்கள். கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்கவும்: 'இறங்கும் வழி: திட்டின் பின்புறப் புதருக்குள் உள்ள ஆட்டுத்தடம், இருபது நிமிடம். காட்டியவர்: க்ரெசென்ஸ் ஏப்னர்.' என் பெயரைப் பார்த்து ஏறுகிறவர்கள் அவள் பெயரைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரட்டும். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.