இழுத்துப் பார்க்கிறவர்

உலகத்தில் நம்புகிறவர்கள் உண்டு; நம்பாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் இழுத்துப் பார்க்கிறவர். புதுச் சட்டை வாங்கினால் பொத்தானை இழுப்பார். அது கையோடு வந்ததும் திருப்தியாகத் தலையாட்டுவார். பூட்டைப் பூட்டிவிட்டு அதிலேயே தொங்குவார். மனைவி துணிக்கொடி கட்டினால், ஈரத்துணி விழுவதற்குமுன் இவர் விழுவார்.

"கொடி தாங்குதான்னு யாராவது பாக்கணும்ல?" என்பார் தரையிலிருந்தே.

"துணியப் போட்டுப் பாத்திருக்கலாமேங்க" என்பாள் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவருக்கு என்ன வேலை கிடைக்கும்? எங்கள் மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. இழுப்பதற்குச் சம்பளம்!

அங்கே சால்டரிங் மேசைகளில் பெண்கள் நாள் முழுவதும் ஈயத்தை உருக்கி, புகைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய மேற்பார்வையாளர் அம்மா முதலாளியிடம் மன்றாடி, லேசர் வெல்டிங் இயந்திரம் ஒன்றைப் பரீட்சைக்கு வரவழைத்தார். ஈயமே வேண்டாம், ஒளி பட்ட இடத்தில் தகடும் தகடும் தாமே உருகி ஒட்டிக்கொள்ளும். ஈயமில்லாத சரக்குதான் வேண்டும் என்று சொன்ன வாடிக்கையாளர் கொஞ்சம் தகடு அனுப்பியிருந்தார். ஒட்டிய மாதிரிகள் அன்று மாலை கூரியரில் போக வேண்டும். போனால் ஆர்டர் வரும், இயந்திரம் தங்கும். போகாவிட்டால் இயந்திரம் வந்த வழியே திரும்பும்.

ஒரு தட்டு நிறைய மாதிரிகள் தயாராயின. தகடும் அதோடு தீர்ந்தது. அந்த அம்மா தட்டை நம்மவரிடம் நீட்டினார்.

"ரெண்டு இழுத்துப் பாத்தாப் போதும் சார்."

"ரெண்டு நின்னா மூணாவது நிக்கும்னு யாரும்மா சொன்னா?"

அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார். மாலையில் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"பிரமாதம்மா! ஒரு ஒட்டுகூட விடல. தகடுதான் கிழிஞ்சுது. இத்தன வருஷத்துல இப்படி ஒட்டு நான் பாத்ததில்ல."

"சந்தோஷம் சார். அனுப்புறதுக்கு எது?"

அவர் தட்டைப் பார்த்தார். தட்டு நிறையக் கிழிசல். அதைக் கொஞ்ச நேரம் கிளறிக்கூடப் பார்த்தார், பாவம்.

"எல்லாமே நல்லதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேம்மா."

"கையெழுத்த வச்சு நான் என்ன சார் பண்றது? என் பொண்ணுங்க மறுபடி அந்தப் புகையிலதான உக்காரணும்?" எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. அந்த வாரமே இயந்திரத்தை லாரியில் ஏற்றினார்கள். மேசைப் பெண்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம்மவர் லாரிக்குப் பின்னால் போய், கட்டிய கயிறு தாங்குமா என்று இரண்டு இழுப்பு இழுத்தார். தாங்கியது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். ஒரு குறையும் சொல்ல முடியாத உங்கள் சிநேகிதர் ஒருவர் இருந்தாரே; "நானாப் பேசாம இருந்தா அவராக் கூப்பிடுறாரா பாப்போம்" என்று நீங்கள் சும்மா இருந்தீர்களே.

இன்னும் கூப்பிடவில்லை, இல்லையா?