துணைக்கு ஒரு ஆள்

"பத்திரிகைக்காரன் கண்ணுல பட்டா நீங்க வெளிய தலைகாட்ட முடியாமப் போற மாதிரி ஏதாவது ஒரு விஷயம் இருக்கும்ல, அதைச் சொல்லுங்க" என்றார் வக்கீல் கட்லர் அம்மாள்.

மெர்வின் டால்பெர்க் யோசித்தார். பாசாங்குக்கு இல்லை, நிஜமாகவே யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"அப்படி எதுவும் இல்லைங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "போன தடவை ஒருத்தர் இப்படித்தான் சொன்னார். அப்புறம் பாத்தா அவருக்கு ரெண்டு குடும்பம்."

வெளியே மழை விடாமல் அடித்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜூலை மாதம் என்றால் சோளம் காய்ந்து வெடிக்க வேண்டும். இந்த வருஷம் வயல்களில் தவளை கத்தியது. பெல்வர் நகரத்தின் ஆற்றுக்கரை வசந்தகாலத்திலேயே ஒரு தடவை உடைந்து, மணல் மூட்டைகளின் தயவில் நின்றுகொண்டிருந்தது.

மெர்வினுக்கு அந்த மழைகூட அன்று அழகாகத்தான் தெரிந்தது. முந்தைய நாள் காலை அவருக்கு ஒரு தொலைபேசி வந்திருந்தது. "ஆளுநர் வின்ட்ராப் சார்பா பேசறேன். என்ன விஷயம்னு உங்களுக்கே புரியும். நாளைக்கு வீட்டுக்கு வர்றோம். உங்க மனைவிக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம்."

புரியாமல் என்ன? வின்ட்ராப் அதிபர் வேட்பாளர். கட்சி மாநாடு நெருங்கிவிட்டது. அவருக்குத் துணை அதிபர் வேட்பாளர் யார் என்று நாடே வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. வின்ட்ராப்போ வேறொரு மாநிலத்து ஆளுநர், கடற்கரைப் பட்டணத்துப் பணக்காரர். சேற்றில் கால் வைத்த ஒரு ஆள் பக்கத்தில் நின்றால்தான் விவசாய மாநிலங்களில் ஓட்டு விழும் என்று தொலைக்காட்சியில் தினமும் சொன்னார்கள்.

மெர்வின் ஒரே ஒரு தவணை அயோவாவின் துணை ஆளுநராக இருந்தவர். அந்தப் பதவியில் பாலம் திறந்தார், பன்றிக் கண்காட்சி திறந்தார், மற்ற நேரம் ஆளுநருக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றதோடு சரி. அதன் பிறகு அவரைத் தேடி ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நாற்காலி இல்லாத மனிதனின் வீட்டுத் தொலைபேசி எவ்வளவு ஊமையாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரவில் அவர் அதை எடுத்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார். வேலை செய்யும். அதுதான் வேதனை.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் இப்போது இரண்டு பேர். ஒருவர் கட்லர் அம்மாள். இன்னொருவர் பிரூட் என்ற கணக்காளர். வந்ததிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை; மெர்வின் எடுத்து வைத்த வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு மட்டும்தான் அந்த வாய் திறந்தது. வாசலோரம் கிடந்த சேறு படிந்த ரப்பர் காலணிகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டார்.

"என் மனைவியோடது" என்றார் மெர்வின், சங்கடத்தோடு. "நடீன் இந்த ஊர் மேயர். எப்பப் பாரு சாக்கடை, குப்பை, மணல் மூட்டை. வீடு இப்படித்தான் கிடக்கும். மன்னிச்சுக்கங்க."

"வெள்ளத்தப்போ டிவில பாத்தோம்" என்றார் கட்லர் அம்மாள்.

"ஆமாமா, நாலு நாள் காட்டினான். அதை விடுங்க, என் கதைக்கு வருவோம்."

கதைதான் வரமாட்டேன் என்றது. குற்றமே இல்லாத மனிதனை இவர்கள் நம்ப மாட்டார்கள் போலிருந்தது. சின்னதாக, கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடுவது நல்லது என்று மெர்வினுக்குப் பட்டது. சுவரில் தொங்கிய நீல ரிப்பனைக் காட்டினார்.

"அது மாவட்டக் கண்காட்சியில ஊறுகாய்ப் போட்டிக்குக் குடுத்த முதல் பரிசு. தேர்தல் சமயம். உண்மையைச் சொன்னா, கடையில வாங்கின ஊறுகாயை வேற பாட்டில்ல மாத்தி வச்சேன். அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. பிரூட் மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிட்டார்.

"ரெண்டாவது பரிசு யாருக்கு?" என்று கேட்டார் கட்லர் அம்மாள்.

"டில்ஃபர்டுன்னு ஒரு விதவை அம்மா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் அழுதாங்க."

"ஓட்டுக்காக ஊரை ஏமாத்தி ஒரு விதவையை அழ வச்சிருக்கீங்க" என்றார் கட்லர் அம்மாள். "இதை எதிர்க்கட்சிக்காரன் நவம்பர் வரைக்கும் டிவில ஓட்டுவான். ஊறுகாய் பாட்டில் வேஷம் போட்டு ஒருத்தன் நம்ம கூட்டம் நடக்கற ஊருக்கெல்லாம் வருவான்."

இத்தனை வருஷம் கழித்து வந்த அதிர்ஷ்டம் ஒரு வெள்ளரிக்காயால் போகப்போகிறது. ஏதாவது செய்தாக வேண்டும்.

"நான் வச்சேன்னு சொன்னது பேச்சுக்கு. செஞ்சதெல்லாம் நடீன். எனக்கு அப்புறம்தான் தெரியும்."

"உங்க மனைவியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அவளேதான். ஜெயிக்கணும்னா அவ எதுவும் செய்வா."

கட்லர் அம்மாள் குனிந்து எழுதினார். தன்னைப் பற்றிப் பேசும்போது சும்மா கிடந்த பேனா, மனைவி பேரைச் சொன்னதும் ஓட ஆரம்பித்ததை மெர்வின் கவனித்தார். சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பாவம் நடீன்தான், ஆனால் அவளா தேர்தலில் நிற்கப்போகிறாள்? அவள் பேர் கெட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைக் கார் ஏத்தி உடைச்சதா ஊருல பேச்சு இருக்கே?"

இதையும் விசாரித்துவிட்டார்களா. கட்சி விருந்து முடிந்து வருகிற வழியில் மெர்வின்தான் இடித்தார். நடீன்தான் மறுநாள் மண்வெட்டியோடு போய்ப் புதுப் பெட்டி நட்டுக் கொடுத்தாள். பெட்டியை நட்ட ஆள்மேல்தானே ஊருக்குச் சந்தேகம் வரும்?

"வண்டி ஓட்டினது அவதாங்க."

"குடிச்சிருந்தாங்களா?"

குடிக்காமல் இடித்தாள் என்றால் வேண்டுமென்றே இடித்ததாகிவிடும். "லேசா" என்றார் மெர்வின்.

"லேசான்னா?"

"ஒரு மனுஷன் கொஞ்சம் உளறுற அளவுக்கு."

கட்லர் அம்மாளின் முகம் வெளியே இருந்த வானத்தைவிட இருண்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கே கஷ்டமாக இருந்தது போலும்.

"கடைசியா ஒண்ணு. போன தேர்தல் சமயத்துல உங்க ஊர்ப் பத்திரிகையில ஆளுநர் வின்ட்ராப்பை 'ஈரக் காலுறை'ன்னு திட்டி ஒருத்தர் எழுதியிருக்கார். கீழே டால்பெர்க்னு உங்க பேர்."

அதை எழுதியது மெர்வின்தான். எழுதியபோது எவ்வளவு பொருத்தமாக இருந்தது அந்தச் சொல்! வேறு யாரைப் பழித்தவனையும் ஒரு தலைவர் மன்னிப்பார். தன்னைப் பழித்தவனைத் துணைக்கு வைத்துக்கொள்வாரா?

"பேருதான் என்னோடது. எழுதினது அவ. எனக்கு எங்க அந்த நாக்கு? நான் ஆளுநரோட பரம ரசிகன்."

"இப்பவும் அவங்க அப்படித்தான் நினைக்கறாங்களா?"

"சாப்பிட உக்காந்தா இதே பேச்சுதான். காலுறைன்னு சொன்னதே மரியாதைக்குத்தானாம்."

பேனா நெடுநேரம் ஓடியது. பிறகு கட்லர் அம்மாள் அதை மூடி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் திறந்து நடீன் உள்ளே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையெல்லாம் சாக்குக் கீறல். அவள் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி மெர்வின் கேட்டதே இல்லை. அந்த நினைப்பு அந்த நொடியில் வந்து நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"விருந்தாளிங்களா? மெர்வ், அவங்களுக்கு அந்த ஊறுகாயோட ரொட்டி ஏதாவது குடுத்தியா?"

"இன்சூரன்ஸ்காரங்க, நடீன்."

"நல்ல நேரத்துல வந்தீங்க. கரை இன்னொரு தடவை உடைஞ்சா இந்தத் தெருவே இருக்காது." அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "எத்தனை தடவை எழுதியாச்சு, வாஷிங்டன்ல ஒருத்தன் காதுலயும் ஏறலை. நம்ம ஊர் ஆள் ஒருத்தர் அங்க போய் உக்காந்தாத்தான் இது நடக்கும் மெர்வ். எனக்கு வேற ஒண்ணும் ஆசை இல்லை. இந்தக் கரையைக் கட்டிட்டா நிம்மதியாச் செத்துப்போவேன்."

"நடக்கும், நடீன்" என்றார் மெர்வின். மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டார். துணை அதிபர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே முதல் வேலை இவள் கரைதான். சொன்ன பொய்க்கெல்லாம் அதுவே பரிகாரம். பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்க வைத்துவிடலாம்.

கட்லர் அம்மாள் எழுந்து நின்று நடீனை நெடுநேரம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், மெர்வினைத் திரும்பிப் பார்த்தார், கேட்கவில்லை. நடீனின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விறுவிறுவென்று மழையில் இறங்கிக் காருக்குப் போனார்.

பிரூட் கடைசித் துண்டு ஊறுகாயைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நடந்தார். மெர்வின் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அந்த அம்மா முகமே சரியில்லை. என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?"

பிரூட் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றார். சன்னலுக்குப் பின்னால் நடீன் குனிந்து, அந்தச் சேற்றுக் காலணிகளை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்து பேசினார்.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை சார், ஆனா நாங்க துணை அதிபருக்குப் பாக்க வந்தது உங்க சம்சாரத்தை."