பருப்புக் கறியும் திறந்த பொருளாதாரமும்

அம்மருட், ஒஸ்லோ
ஞாயிறு மாலை

பாசமுள்ள மச்சான் பிலேந்திரனுக்கு,

மாதாவின் துணையால் நானும் மரியமலரும் சுகம். உனது முழங்கால் நோவு குறைந்திருக்கும் என நம்புகிறேன். எனக்குத்தான் மனம் சுகமில்லை.

எழுபத்தேழில் இலங்கையின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது நம் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மனேச்சர், தராசடியில் நீ. கூப்பன் புத்தகத்தைப் பார்த்து அரிசியும் சீனியும் அளந்து கொடுத்தோம். விடியமுன் கோதுமைப் பாணுக்கு வரிசை. அந்த வரிசையிலேயே எத்தனை கலியாணம் பேசி முடித்தார்கள்! பிறகு வெளிநாட்டு வெங்காயம் வந்திறங்கியது, சனம் தனியார் கடைக்குப் போனது, நாங்கள் இருவரும் ஈ ஓட்டினோம். அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

அதே அநியாயம் ஒஸ்லோவுக்கும் வந்துவிட்டது. மாதாந்தப் பூசைக்குப் பிறகு நம் சனம் மண்டபத்தில் சேர்ந்து சாப்பிடுவது வழமை. எந்த வீட்டிலிருந்து எந்தச் சாப்பாடு என்று இருபத்தெட்டு வருடமாகப் பட்டியல் போட்டவன் நான். ஹவுகன்ஸ்டுவாப் பகுதிக்காரர் சோறு, ட்வெய்ட்டாப் பகுதிக்காரர் மீன், எங்கள் வீடு பருப்பு. எல்லோருக்கும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி, மறுபேச்சில்லை. போன மாதம் எங்கள் நிர்வாகத்தின் புதுத் தலைவி எமிலியா, வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, "அங்கிள், இனி லிஸ்ட் வேண்டாம். விரும்பினவை விரும்பினதைச் சமைக்கட்டும், சனம் விரும்பினதை எடுக்கட்டும்" என்று அறிவித்துவிட்டாள். கைதட்டு வேறு! இன்றைக்கு நடந்தது என்ன? பதினொரு வீட்டிலிருந்து கொத்துரொட்டி வந்தது, சோறு ஒருவரும் கொண்டுவரவில்லை, மரியமலரை மட்டும் நான் பட்டியலை மீறவிடவில்லை, அவள் வழமைபோலப் பருப்புக் கறியோடு வந்தாள், சோறில்லாமல் பருப்பை என்ன செய்யிறது, ஒருத்தரும் தொடேல்லை மச்சான், நிரம்பின சட்டிக்குப் பின்னால் அவள் நிண்டதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிச்சுது.

ஆகவே, பட்டியல் முறையில் ஒருவரும் மனம் நொந்ததில்லை என்று, சங்கக்கடை அனுபவத்தைச் சொல்லி, எங்கள் நிர்வாகத்துக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். பட்டியல் திரும்பினால்தான் அவள் அந்த மண்டபத்தில் இனித் தலைநிமிர்ந்து நிற்பாள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காதிருப்பாராக.

உன் மச்சான்
றெஜினோல்ட்

பி.கு.: கடிதத்தை மரியமலருக்கு வாசித்துக் காட்டினேன். "இருபத்தெட்டு வருசமாப் பருப்பு! எனக்கு என்ன சமைக்க விருப்பமெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?" என்றாள். கேட்கவில்லை, மச்சான். அடுத்த மாதம் றோல்ஸ் செய்யப்போவதாக எமிலியாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். ஆகவே நீ ஒன்றும் எழுத வேண்டாம். "அதுசரி, நீங்கள் என்ன சமைக்கப் போறியள்?" என்றும் கேட்டாள். பட்டியல் இருந்தவரை, எனக்குத் தேத்தண்ணிகூடப் போடத் தெரியாதென்பது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.