ஆறு தடவை மெழுகிய தரை

அன்பும் மரியாதையும் இன்னும் மிச்சமிருக்கும் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் ரத்த அழுத்தம் நலமில்லை. உங்கள் நலத்தையும் அக்காவின் நலத்தையும் விசாரிக்கிறேன். அக்காவுடையதை உண்மையாகவே விசாரிக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை என்று என் பட்டறைக்கு வந்து உதவினீர்களே, அந்த உதவியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபைபர் குளியல் தொட்டி வார்க்கும் பெரிய அச்சு நான் எட்டு மாதம் இழைத்துச் செய்தது. பெரியதென்று இருப்பது அது ஒன்றுதான், அது போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு உங்களோடு உட்கார்ந்து நானும் செய்தித்தாளில் பிழை தேட வேண்டியதுதான். தொட்டி ஒட்டாமல் கழன்று வருவதற்காக ஒவ்வொரு முறையும் அச்சில் மெழுகு பூசுகிறோம், அது நாளடைவில் ஏடு ஏடாகப் படிந்து அச்சு மங்கிவிடுகிறது, தொட்டியும் மங்கலாக வருகிறது, ஆகவே பழைய மெழுகைக் கீறல் விழாமல் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். நன்றாகப் புரிந்தது என்று சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கையில் எடுத்தீர்கள். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, பருத்தித் துணியைக் கரைப்பானில் நனைத்து ஒரு சாண் ஒரு சாணாகத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றியெடுக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்ததால் மீதியைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: "துடைத்து முடித்ததும் மெழுகு. ஆறு தடவை. பிறகு வார்க்கலாம்."

திரும்பி வந்தால், பட்டறை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள். அந்தத் தரைக்கு ஒரு நிறம் உண்டு என்பது பதினைந்து வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆறு தடவை மெழுகியாச்சு. இடுப்பு விட்டுப் போச்சு," என்றீர்கள்.

அச்சுக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு எதுக்கு? மெழுகாலதான் பிரச்சினைன்னு நீதானே சொன்னே."

இரண்டு வாரம் வேடிக்கை பார்த்த தைரியத்தில் நீங்களே தொட்டியை வார்த்தும் விட்டிருந்தீர்கள். அது அச்சுக்குள் குடியேறியிருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய நீங்கள் சீட்டைக் காட்டி, "மெழுகுன்னு ஏவினா தரையைத்தான் மெழுகுவாங்க. மெழுகு பூசுன்னு எழுதணும். தப்பு உன் வாக்கியத்துலதான்," என்று சிவப்பு மையில் 'பூசு' என்று சேர்த்தும் கொடுத்தீர்களே, அந்தப் பெருந்தன்மையை எப்படி மறப்பேன். மூன்று நாளாக மர ஆப்பு செருகுகிறேன், இடுக்கில் வெந்நீர் ஊற்றுகிறேன். இரும்பால் நெம்பினால் அச்சின் மெருகு போய்விடும், நெம்பாவிட்டால் என் பிழைப்பு போய்விடும்.

ஆகவே இனி பட்டறைப் பக்கம் வந்து சிரமப்பட வேண்டாம். கைகழுவும் தொட்டியின் சிறிய அச்சை இன்று காலை நானே ஓரிடம் விடாமல் துடைத்து வார்த்திருக்கிறேன். காய்ந்ததும் கழற்றிப் படமெடுத்து அனுப்புகிறேன், வேலை என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்காவுக்கு நிறைய அன்பு. உங்களுக்கு, முறை இருக்கிறதே என்பதற்காக, வணக்கம்.

இப்படிக்கு,
வாக்கியம் எழுதத் தெரியாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குளியல் தொட்டி ஒரு முனகலோடு கழன்று வந்துவிட்டது. மூலைமுடுக்கில் நீங்கள் துடைக்காமல் விட்ட பழைய மெழுகுதான் காப்பாற்றியிருக்கிறது. அச்சில் ஒரு கீறல் இல்லை. என் சிறிய அச்சில் அப்படி எதையும் நான் விட்டுவைக்கவில்லை. உங்களை எப்படித் திட்டி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே, மெழுகு பூசாமல் வார்த்திருக்கிறேன். அது இந்த ஜென்மத்தில் வராது. திங்கட்கிழமை வாருங்கள் அத்தான், சிவப்புப் பேனாவோடு. அந்தப் 'பூசு'வை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுத வேண்டும்.