அலமாரிக் காற்றில் எரிந்த அடுப்பு

நான் ஒரு அடுப்பைத் திருத்தப் போய், என் மகளின் முப்பத்தோராம் நாளன்று பதினைந்து விருந்தாளிகளை மழையில் நிறுத்தியவன். சொந்தக்காரர் யாராவது இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னால் விருந்தாளிகள் ஐம்பது பேராகிவிடுவார்கள். (போன பொங்கலன்று எழுபது வரை போய்விட்டது.)

தொண்ணூறுகளின் பிற்பாதி. கொழும்பில் நான்கு வருடம் எஞ்சினியராக இருந்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்த எனக்கு, இரண்டு வருடமாக ஒரு கம்பனியும் பதில் போடவில்லை. கடைசியில் கெவின் என்ற வெள்ளைக்காரர், வீடு சூடாக்கும் ஸ்டவ் விற்பவர், மூன்று மாதம் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார். வேலை, ஸ்டவ்வைத் தூக்கி வேனில் ஏற்றுவது. நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதே. மவுண்ட் ஆல்பர்ட்டில் அவருடைய தாயார் வாழ்ந்து இறந்த பழைய மரவீடு.

அந்த ஆடியில், இந்த ஊரின் கடுங்குளிர் காலத்தில், மகள் பிறந்தாள். பிறப்புப் பதிவுப் பத்திரத்தில் தகப்பனின் தொழில் என்று ஒரு இடம் இருந்தது. எஞ்சினியர் என்று எழுதினேன். என் மனைவி சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டவ் தூக்கிக் கிழிந்த என் சட்டையைத் தைக்கப் போனாள். அந்தத் தையல்தான் என்னைச் சுட்டது. மூன்று மாதம் முடிவதற்குள் கெவினிடம் எஞ்சினியராகவே நிரந்தரமாகிவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பச்சைக் குழந்தை இருக்கிறதே என்று கெவின் எங்கள் முன்னறையில் ஒரு பெல்லட் ஸ்டவ் பூட்டித் தந்திருந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை ஒரு மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். ஒரு விசிறி வெளியிலிருந்து குழாய் வழியே காற்றை இழுத்துக் கொடுக்கும். ஒருநாள் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸாக இருந்தது. என் படிப்பு முழுவதும் ஒரேயடியாக விழித்துக்கொண்டது. நெருப்பு தன் சூட்டில் ஒரு பங்கை இந்தக் குளிர்காற்றைச் சூடாக்கவே செலவழிக்கிறது. காற்றைச் சூடாக உள்ளே விட்டால் அந்தப் பங்கு அறைக்கு மிஞ்சும். ஸ்டவ்வின் திறன் கூடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது.

ஸ்டவ்வுக்குப் பின்சுவரின் மறுபக்கம், சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் அலமாரி. இந்த ஊர் வீடுகளில் அதற்குள் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சுகந்தி பிள்ளையின் துணிகளை அதில்தான் காயப் போடுவாள். நான் சுவரில் ஓட்டை போட்டு, வளைகிற அலுமினியக் குழாயை நாலு இடத்தில் மடக்கி, அதன் வாயை அலமாரிக்குள் கொண்டுபோய் வைத்தேன். கெவினிடம் கேட்கவில்லை. (செத்துப்போன மனுசியின் சுவர், அதுவும் கேட்காமல். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

சுகந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஸ்டவ்வுக்குச் சூடான காத்துக் குடுக்கிறன். விறகு மிச்சம்."

"இந்த அலமாரி கரண்டிலதானே சூடாகுது?"

"அது வேற கணக்கு. உமக்கு விளங்காது."

"சரி. பிள்ளையின்ர துணியை இனி எங்க காயப் போடுறது?"

கரண்டைப் பற்றி அவள் கேட்ட அந்தக் கேள்வியிலேயே என் கண்டுபிடிப்பு செத்துவிட்டது என்பது எனக்குப் புரிய வருடக்கணக்கில் பிடித்தது. ஒரு சூட்டைத் திருடி இன்னொரு சூட்டுக்குக் கொடுத்துவிட்டு, லாபம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

நான்கு நாள் குறைந்த சூட்டில் எரித்துப் பார்த்தேன். ஒழுங்காக எரிந்தது. பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குக் கெவினையும் அழைத்தேன். ஐயர் முடித்துப் போனதும் அலமாரியைத் திறந்து காட்டி, அவர் வாயடைத்து நிற்க, எஞ்சினியர் வேலை விஷயத்தைக் கதைப்பது என்று திட்டம். ஆங்கிலத்தில் நாலு வசனம் மனப்பாடமும் செய்திருந்தேன்.

அன்று காலையிலிருந்தே மழை. ஐயர் வந்ததும் முதலில் தலைக்கு மேலே முகட்டைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, அந்தப் புகை மணியைக் கழட்டிப்போடும். போனமுறை ஒரு வீட்டில மந்திரத்துக்கு நடுவில கத்தத் தொடங்கீட்டுது."

கதிரையில் ஏறி பாட்டரியைக் கழற்றி என் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். ஊரில் இப்படி ஒரு வேலை எந்தத் தகப்பனுக்கும் இருந்திருக்காது. இங்கே ஹோமம் என்றால் நெய், சமித்து, பாட்டரி கழற்றல் என்றுதான் வரிசை. ஐயர் செங்கல்லின் மேல் அலுமினியத் தட்டு வைத்து அக்கினி வளர்த்தார்.

பாதியில் கெவின் வந்தார். பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பியோடு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மரியாதையாக ஓரத்தில் நின்றார். என் கை சும்மா இருக்கவில்லை. நைசாகப் போய் ஸ்டவ்வின் குமிழை உச்சத்துக்குத் திருகினேன். குச்சிகள் மளமளவென்று விழத் தொடங்கின. மஞ்சளாக இருந்த சுவாலை சிவந்தது. பிறகு கறுத்துச் சோம்பியது. கண்ணாடிக் கதவு கண்ணுக்கு முன்னாலேயே இருண்டுகொண்டு வந்தது.

சுகந்தியின் ஒன்றுவிட்ட தமக்கை ஈஸ்வரி அக்கா ஸ்டவ்வுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

"நல்ல யோசனை, தம்பி," என்றார் மெதுவாக. "புதுச் சாமான் எண்டா ஆக்கள் கண்ணூறு போடுவினம். கறுப்புப் பூசினது நல்லது."

ஓம் அக்கா என்றேன். வேறென்ன சொல்வது.

அறைக்குள் புகை ஏறியது. ஹோமப் புகையில் கண் எரிகிறது என்று நம் ஆட்கள் முறைப்பாடு செய்வதில்லை, எரிய எரியப் புண்ணியம். எல்லோரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கும்பிட்டார்கள். கெவினும் நாகரிகமாக இருமினார். எங்கள் சமயத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

மந்திரம் நின்றது. ஐயர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, என்ர அக்கினி அணைஞ்சு கனநேரம். இது யாற்ற புகை?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்டவ்வைப் பார்த்தேன். காற்றுப் போதாமல் எரிகிறது, கொஞ்சம் காற்று விடுவோம் என்று அதன் கதவைத் திறந்தேன். உள்ளே மந்தமாக ஒரு சத்தம். கரும்புகை பொத்தென்று வெளியே விழுந்து அறை முழுக்கப் பரவியது. அந்தப் புகைக்குள் என் மகள் இருமினாள்.

சின்ன இருமல்தான். முப்பத்தொரு நாள் நெஞ்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வேலை, எஞ்சினியர், நாலு வசனம், எல்லாம் போன இடம் தெரியவில்லை. சுகந்தி பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மழைக்குள் நடந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் ஐயரும் போனார்கள். கெவின் ஸ்டவ்வை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, பின்சுவரிலிருந்த என் குழாயைக் கண்டார். ஒரே இழுவையில் பிடுங்கினார். பிறகு தாயுடைய வெள்ளை முகட்டை அண்ணாந்து பார்த்தார். அது வெள்ளையாக இல்லை.

அவருடைய காரில்தான் டாக்டரிடம் போனோம். பிள்ளை என்ன புகையைச் சுவாசித்தது என்று டாக்டர் கேட்டார். நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. சுவரில் போட்ட ஓட்டை, நாலு மடிப்பு, உச்சத்துக்குத் திருகியது, பாட்டரி கழற்றியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு காகிதத்தில் படமும் கீறிக் காட்டினேன். கெவின் பக்கத்திலேயே நின்று கேட்டார். டாக்டர் நீண்ட நேரம் நெஞ்சைச் சோதித்தார். ஒன்றுமில்லை, கொண்டுபோங்கள் என்றார். அப்போதுதான் சுகந்தி அழுதாள். நானும் அழுதேன்.

திரும்பும் வழியில் கெவின் வாய் திறந்தார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"சூடான காற்று லேசானது. விசிறிக்கு அது தெரியாது, ஒரு சுற்றுக்கு எப்போதும் அள்ளும் அதே அளவைத்தான் அள்ளிக் கொடுக்கும். நெருப்புக்குப் போய்ச் சேருவது குறைவு. அதற்குமேல் நீ நாலு மடிப்பு மடித்திருக்கிறாய். குச்சி மட்டும் கூடக் கூட விழுகிறது. பாவம், அது மூச்சு முட்டித்தான் புகைத்தது."

நான் படித்த நாலு வருடத்தையும், கார் இரண்டு தெருச் சந்தி தாண்டுவதற்குள் அவர் முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வீட்டையும் விடச் சொல்வார், பிள்ளையோடு எங்கே போவது என்று யோசித்து முதல்நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கெவின் சாவியை வாங்கி மேசையில் போட்டார். டெலிபோனை என் பக்கம் தள்ளினார்.

"ஸ்டவ் புகைக்கிறது என்று நாளுக்கு ஐந்து பேர் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று பொய் சொல்கிறார்கள். நீ ஒருவன்தான் செய்ததை எல்லாம் சொன்னாய். இனி அவர்களோடு நீ பேசு. மூன்று மாதக் கதை முடிந்தது, நீ இங்கேதான். ஆனால் முதலில் போய் அம்மாவின் முகட்டுக்கு வெள்ளை அடி."

அடித்தேன், மூன்று பூச்சு. அந்த டெலிபோனுக்குப் பின்னால் பதினொரு வருடம் இருந்தேன்.

மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், இப்போது வெஸ்ட்கேட்டில் சொந்த வீடு வாங்கிவிட்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். வீடு குடிபூரலுக்கு ஐயர் வந்து ஹோமத்தை மூட்டினார். முதல் புகை எழும்பியதும் அவள் கூட்டத்துக்கு நடுவில் திரும்பி, அட்சரசுத்தமான தமிழில் உரக்கக் கேட்டாள்:

"இது ஐயற்ற புகையோ, அப்பான்ர புகையோ?"

எல்லோரும் சிரித்து முடியும்வரை ஐயர் மந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார். எனக்குத்தான் கண் எரிந்தது. புகையால் என்று சொல்லிவிட்டேன்.