பத்தொன்பது மைல் ஓடிய கார்

ஐரோப்பாவின் நாகரிகம் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், பாரிஸையோ ரோமையோ காட்டி அவரை ஏமாற்ற வேண்டாம். 2007ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரை அது ஹம்பேர்க்கின் தெற்கே ஹார்பூர்க்கில், பதினேழாம் இலக்கக் கராஜில்தான் இருந்தது. அதைக் கட்டிக் காத்தவர் வின்சன்ற்.

வின்சன்றுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலை. 1999இல் அவர் வாங்கியது 1967ஆம் ஆண்டின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். நிறம் சிவப்பு, இருக்கை இரண்டே இரண்டு, கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிட்டு காற்று வாங்கலாம். வின்சன்ற் அதை ஒருமுறையும் மடக்கியதில்லை. மடக்கினால் கோடு விழும் என்பது அவருடைய கொள்கை. கொள்கை உள்ள மனிதர்கள் குறைந்துவரும் காலம் இது.

வாங்கிய கையோடு இரண்டு இருக்கைகளுக்கும் புதுத் தோல் போட்டு, கீழே புதுக் கம்பளம் விரித்தார். தோலுக்கு மேல் பொலித்தீன். காருக்கு மேல் ஒரு தார்ப்பாய். பாய் உரசாமலிருக்க அதற்குக் கீழே அவருடைய கலியாணப் படுக்கைவிரிப்பு. நான்கு மூலையிலும் பூச்சி உருண்டை. கதவைத் திறந்தால் பட்டுச்சேலை அலுமாரியைத் திறந்த வாசம் வரும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்வர வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். சட்டத்துக்காக மட்டுமே வின்சன்ற் காரை ஓட்டினார். போக நான்கு கிலோமீற்றர், வர நான்கு கிலோமீற்றர். எட்டு வருடத்தில் நான்கு பயணம். அமெரிக்கக் காரானபடியால் கணக்கை மைலில் காட்டும்: பத்தொன்பது மைல். மற்றப்படி ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, எஞ்சினை முடுக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி நேரம் அவர் முகத்தில் தெரியும் நிம்மதி, அதிவேக வீதியில் இருநூறில் பறக்கிறவனுக்கும் கிடைக்காது.

பரிசோதனைக்குக் காரின் பத்திரங்கள் எல்லாம் வேண்டும். அவை ஓர்ட்னர் என்னும் ஒரு தடித்த கோப்பில், துளையிட்டு, நிறத்தாள் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. அந்த ஓர்ட்னரைப் பக்கத்து இருக்கையில் வைத்தால் தோலில் அழுத்தம் விழும். ஆகையால் அதை அவருடைய மனைவி அன்ரனிற்றா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள்.

"இஞ்சரும், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். ஓர்ட்னர் கசங்கிப்போகும்" என்று ஒவ்வொரு முறையும் அக்கறையோடு சொல்லி அனுப்புவார்.

அன்ரனிற்றா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். அவளிடம் ஒரேயொரு ஆசை இருந்தது. கார் வந்த வருடமே நீலத்தில் ஒரு தலைத்துணி வாங்கி வைத்தாள், திறந்த காரில் போகும்போது கட்டிக்கொள்ள. எட்டு வருடமாகியும் அதன் விலைச்சீட்டு அறுபடவில்லை. பராமரிப்பில் அவளும் சளைத்தவள் அல்ல.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா, ஒரேயொருக்கா, கூரையைத் திறந்துபோட்டுப் பூசைக்குப் போட்டு வருவமே?"

முதல் வருடம் கேட்டபோது மழை வரும் போலிருந்தது. மறுபடி கேட்டபோது வெயில், தோல் வெடிக்கும். கலியாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று மழையுமில்லை, வெயிலுமில்லை. வானம் அவளுக்காகவே செய்து வைத்தது போலிருந்தது. அவள் பட்டுடுத்தி, தலைத்துணியும் கையுமாகக் கராஜ் வாசலில் நின்றாள். வின்சன்ற் அவளுடைய பட்டை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தார்.

"சாறி ஊசி சீற்றிலை குத்தினால் ஆர் பொறுப்பு?"

அன்று அன்ரனிற்றா அழுதாள். காரிலிருந்து போதிய தூரத்தில் நின்று அழுதபடியால் சேதம் எதுவும் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாகரிகத்துக்கு 2007இல் ஆபத்து வந்தது. கராஜ்களை இடித்து வீடு கட்டப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. ஈரமில்லாத வேறு கராஜ் கிடைக்கவில்லை. மழையில் விடுவதைவிடத் தகுதியான ஒருவரிடம் விற்பதே மேல் என்று வின்சன்ற் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு "விற்பனைக் குழு" அமைத்தார். தலைவர் அவர். செயலாளர், பிரதான புகையிரத நிலையத்துக்கு அருகே பலசரக்குக் கடையில் வேலை செய்யும் நண்பர் உமாபதி. ஓர்ட்னரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அன்ரனிற்றாவுக்கு "ஆவணப் பொறுப்பாளர்" என்ற பதவி.

முதற் கூட்டத்தில் விளம்பரம் தயாரானது. உமாபதி வாசித்தார்.

"மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டது. மழை காணாதது. வெயில் காணாதது."

"என்னையும் காணாதது எண்டு போடுங்கோ" என்றாள் அன்ரனிற்றா.

ஆவணப் பொறுப்பாளருக்கு வாக்குரிமை இல்லாதபடியால் அந்தத் திருத்தம் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

வாங்க வந்த முதல் ஆள் ஹனோவரிலிருந்து லக்ஸன். அடுத்த மாதம் கலியாணமாகப் போகிற பொடியன்.

"அங்கிள், கலியாணத்தண்டைக்கு லவினியாவை இதிலை ஏத்திக்கொண்டு ஊர் முழுக்க ஒரு சுத்துச் சுத்தவேணும்."

"ஏத்திக்கொண்டோ?"

"ஓம் அங்கிள். கூரையைத் திறந்துபோட்டு."

"சாறியோடையோ?"

உமாபதி தம் குறிப்பில் "ஆபத்தானவர்" என்று எழுதிக் கோடிட்டார்.

இரண்டாவதாக ஸ்டுட்கார்ட்டிலிருந்து தமிழ்நாட்டு எஞ்சினியர் சந்திரசேகரன் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்து வியந்தார்.

"கண்டிஷன் சூப்பர் சார். ஒய்ஃப் ரொம்ப ஆசைப்படறாங்க. வீக்கெண்ட்ல மலைப்பக்கம் ஒரு லாங் டிரைவ் போலாம்னு."

"இந்தக் காரிலையோ?"

"பின்னே? காரை வச்சுக்கிட்டு பஸ்லயா சார் கூட்டிட்டுப் போவாங்க?"

அன்ரனிற்றாவுக்கு இருமல் வந்தது. சந்திரசேகரனும் நிராகரிக்கப்பட்டார்.

மூன்றாவதாக வந்தவர் ஹெர் பீற்றர்சன். முப்பது வருடம் கார்களின் சேதத்தை மதிப்பிட்டு ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர். மழையில் கார் எடுப்பீர்களா என்று வின்சன்ற் கேட்டதற்கு, "மழையிலா!" என்று நெஞ்சில் கை வைத்தார். அதன்பின் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். வின்சன்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

உமாபதி எல்லோரையும் முறைப்படி அறிமுகப்படுத்தினார்: தலைவர், செயலாளர், ஆவணப் பொறுப்பாளர். ஹெர் பீற்றர்சன் மூவருக்கும் கை கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் காரின் அடிப்பாகத்தைக் காட்ட இரண்டரைக்கு நேரம் குறித்துத் தெர்மின் எடுத்திருந்தார்கள். நிலையம் வரை ஹெர் பீற்றர்சனே ஓட்டிப் பார்ப்பது, தலைவர் பக்கத்தில் இருப்பது, ஆவணப் பொறுப்பாளர் வழக்கம்போல் பஸ்ஸில் வருவது என்று ஏற்பாடு.

பொலித்தீனை உரித்தார்கள். ஹெர் பீற்றர்சன் மின்சூள் வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். ஓட்டுநர் இருக்கை சற்றுக் குழிந்திருந்தது. கீழே கம்பளத்தில் குதிக்கால் பட்ட தேய்வு. தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பக்கத்து இருக்கைக்கு வந்தார். தோலைத் தடவினார், அமுக்கினார், குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். அங்கே ஒரு செருப்பின் தடம்கூட இல்லை.

"ஒருத்தரும் இருக்கேல்லை. ஒரு நாளும்!" என்று வின்சன்ற் பூரிப்போடு ஜெர்மனில் சொன்னார்.

ஹெர் பீற்றர்சன் நிமிர்ந்தார். வின்சன்றின் விரலில் கிடந்த கலியாண மோதிரத்தைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி அவருடைய தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்கள் மனைவி இறந்து எவ்வளவு காலம்?"

உமாபதி எழுதுவதை நிறுத்தினார். எட்டு வருடமாக எதற்கும் ஒரு காரணம் வைத்திருந்த வின்சன்ற், உரித்த பொலித்தீனை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எட்டு வருடம்" என்று பின்னாலிருந்து தெளிந்த ஜெர்மனில் பதில் வந்தது.

ஆவணப் பொறுப்பாளர் முன்னால் வந்தாள். ஓர்ட்னரைத் தலைவரின் கையில் வைத்தாள். கைப்பையிலிருந்து நீலத் தலைத்துணியை எடுத்தாள், விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள், கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கூரையைக் கையால் காட்டினாள். ஹெர் பீற்றர்சன் முகம் சிவக்க, மன்னிப்புக் கேட்டபடியே, அதை மடக்கினார். கோடு விழுந்தது.

"மழை வரும் போல கிடக்கு..." என்றார் வின்சன்ற், ஈனமான குரலில்.

"வரட்டும். பஸ் ரெண்டு பத்துக்கு வரும், தலைவரே. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஓர்ட்னர் கசங்கிப்போகும்."