காத்தடிச்சு வைக்கிற திருடன்

நீங்க எதுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டிக்குப் பயந்தவன் கதைன்னா கரண்டி பறக்கும், தட்டு பறக்கும், நான் கட்டிலுக்கு அடியில பூந்துக்குவேன். அதானே? மன்னிக்கணும். எங்க வீட்ல எதுவும் பறக்காது. என் வீட்டுக்காரி குரலைக்கூட உசத்த மாட்டா. புருவத்தை மட்டும் உசத்துவா. அது போதும்.

வெளியில எனக்கு ஒரு கெத்து உண்டு. நான் தராசு இன்ஸ்பெக்டர். கடைக்காரன் தட்டுக்கு அடியில ஒரு பொட்டுப் புளி ஒட்டி வெச்சிருந்தாலும், வாசப்படி ஏறும்போதே எனக்கு மூக்கு வேர்க்கும். "சார் கண்ணு இல்ல சார், எக்ஸ்ரே"ன்னு அவங்களே சொல்லுவாங்க.

அப்பேர்ப்பட்ட எக்ஸ்ரே, ஆபீசுக்கு ரயிலேறப் போகும்போது ஸ்டேஷன் வாசல்ல விட்டுட்டுப் போன ரெண்டு சைக்கிளையும் ஒண்ணு மாத்தி ஒண்ணா எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.

மூணாவது சைக்கிளை என் வீட்டுக்காரியே போய் வாங்கிட்டு வந்தா. குறுக்குக் கம்பி தாழ்வா இருக்கிற சைக்கிள்.

"ஏம்மா, இது லேடீஸ் சைக்கிள் மாதிரி இருக்கே?"

"உங்க முட்டிக்காகத்தாங்க. காலைத் தூக்கிப் போட வேண்டாம் பாருங்க."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முட்டியை எல்லாம் யாருங்க நினைச்சுப் பார்க்கிறாங்க இந்தக் காலத்துல?

"ஆனா ஒண்ணு"ன்னா. "இதுவும் போச்சுன்னா இனிமே நம்ம வீட்ல சைக்கிளே கிடையாது. நடந்துதான் போகணும்."

புருவம் உசந்துச்சு. நான் அன்னிக்கே ஒரு சபதம் எடுத்தேன். என் உயிர் போனாலும் போகட்டும், இந்த சைக்கிள் போகக்கூடாது!

வாங்கின புதுசுல, "நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமாங்க?"ன்னு அவ கேட்டா. நான் பதறிட்டேன். "ஐயையோ, இந்த வயசுலயா? லாரியும் பஸ்ஸும் எப்படி வருது பார்த்தியா? நீ விழுந்து வெச்சா நான் என்ன ஆவேன்?" அவளும் சரின்னுட்டா. அடுத்த வாரத்துல இருந்து, உடம்புக்கு நல்லதுன்னு, நான் வேலைக்குப் போனதுக்கப்புறம் தினமும் நடக்க ஆரம்பிச்சா. அதுல அவ முகத்துல ஒரு களை வந்துச்சு பாருங்க! நடைக்கு இவ்வளவு பவரான்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

இப்ப பூட்டுக்கு வருவோம். முதல்ல சக்கரப் பூட்டு வாங்கினேன்.

"ரெண்டு சாவி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ஒண்ணை என்கிட்ட குடுங்க. நீங்க தொலைச்சுடுவீங்க."

பொறுப்பான பொம்பள! அப்புறம் சங்கிலிப் பூட்டு. அதுலயும் ஒரு சாவி அவகிட்ட. கடைசியா நம்பர் பூட்டு.

"என்ன நம்பருங்க வெக்கப் போறீங்க?"

"நம்ம கல்யாண நாள். எந்தத் திருடனுக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியல. அவளைக் கேட்டுத்தான் வெச்சேன்.

மூணு பூட்டையும் மாட்டிட்டு நிம்மதியா ரயிலேறினேன். ஆனா சாயங்காலம் வந்து உக்காந்தா, கால் முட்டி வயித்துல இடிக்குது. சீட்டு இறங்கியிருக்கு! கிழக்கே பார்த்து விட்டுட்டுப் போன சைக்கிள் மேற்கே பார்த்து நிக்குது. சக்கரத்துல ஈரமண்ணு. ஸ்டேஷன்லயோ தரை முழுக்க சிமெண்டு.

எனக்கு மூக்கு வேர்த்துச்சு.

"ஏம்மா, எவனோ நம்ம சைக்கிளை எடுத்து ஓட்டிட்டுத் திருப்பி வைக்கிறான்."

"திருப்பி வைக்கிறானா? அப்புறம் அவன் என்னங்க திருடன்?"

"ஒத்திகை பார்க்கிறாம்மா! இன்னிக்கு டயருக்குக் காத்தடிச்சு வெச்சிருக்கான்."

"நல்லதுதானே?"

"செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கான்!"

"நான் எத்தனை நாளா உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன், எண்ணெய் விடுங்கன்னு. உங்களைவிட அவன் பரவாயில்ல. விட்டுடுங்க, பாவம்."

திருடனுக்குப் பாவம் பார்க்கிறவளைக் கட்டிக்கிட்டு நான் எப்படிங்க குடும்பம் நடத்துறது?

மறுநாள் சீட்டைக் கழட்டிப் பையில போட்டு ஆபீசுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். மேஜை மேல எடைக்கல்லு ஒரு பக்கம், சைக்கிள் சீட்டு ஒரு பக்கம். பக்கத்து மேஜைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாரு. "சார், நாளைக்கு ஹேண்டில் பார் வருமா?"ன்னாரு. வரட்டும்யா. என் சைக்கிள், என் கவலை.

வீட்டுக்கு வந்தா இவ காலை நீட்டி உக்காந்துக்கிட்டு தைலம் தேய்ச்சுக்கிட்டிருக்கா.

"என்னாச்சும்மா?"

"இன்னிக்கு நிஜமாவே நடந்துட்டேன்."

"தினமும் நடக்கிறதுதானே?"

"அது... இன்னிக்கு ரொம்ப தூரம்." கொஞ்ச நேரம் தைலத்தைத் தேய்ச்சா. அப்புறம், "ஏங்க, சீட்டை எல்லாம் கழட்டாதீங்க. மூளியா நிக்கும். பார்க்கவே கஷ்டமா இருக்கும்."

சீட்டு இல்லாத சைக்கிளை நினைச்சுக்கூட வருத்தப்படுறா பாருங்க, என்ன மனசு! சரின்னு திரும்ப மாட்டினேன். ஆனா திருடனை விடுறதா இல்ல. அவகிட்ட சொல்லாம ஒரு நாள் லீவு போட்டேன். வழக்கம்போல டிபன் பாக்ஸோட கிளம்பினேன். சைக்கிளை வெச்சேன். மூணு பூட்டும் போட்டேன். ரயில் வந்துச்சு, போச்சு. நான் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, ஸ்டேஷன் தூணுக்குப் பின்னாடி நின்னேன். எதிர்ல பெட்டிக்கடை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியா பார்த்தாரு. நான் தூணை ஒரு மாதிரியா பார்த்தேன்.

கால் மரத்துப் போற நேரத்துல ஒரு உருவம் வந்துச்சு. நேரா என் சைக்கிள்கிட்ட. ஒரு கொத்துச் சாவியை எடுத்துச்சு. சக்கரப் பூட்டு, டக். சங்கிலி, டக். நம்பரைப் பார்க்காமலே திருகுச்சு. அதுவும் டக்.

எங்க கல்யாண நாளைப் பார்க்காம திருகுற ஆள் உலகத்துல ஒருத்திதாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு, ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடிச்சிருக்கணும். ஒரு கால் முன்னாடி வெச்சுட்டேன். அதுக்குள்ள அவ சீட்டை இறக்கி, ஏறி உக்காந்து, ஸ்டேஷன் வாசலைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சா பாருங்க. அவ்வளவு நேர்த்தி! கையைக் காட்டித் திரும்புறா. பள்ளத்தை ஒதுக்கிப் போறா. யாருமே குறுக்க வரல, சும்மா ஆசைக்கு ஒரு தடவை பெல்லை அடிக்கிறா. அடிச்சுட்டுத் தனக்குத்தானே சிரிக்கிறா.

அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு! நான் தினமும் வேலை முடிஞ்சு வந்து நிக்கும்போது சைக்கிள் இருக்கணுமேன்னு, எங்க போனாலும் அடிச்சுப் பிடிச்சுத் திரும்பி வந்திருக்கா. ஒரு நாள்கூட என்னைக் காக்க வெச்சதில்ல.

முன்னாடி வெச்ச காலைப் பின்னாடி எடுத்துட்டேன். எக்ஸ்ரே ஒண்ணும் பார்க்கல. அடுத்த ரயில்ல ஏறி ஆபீசுக்கே போயிடுவோம், அவ சந்தோஷமா சுத்தட்டும்னு மெதுவா நழுவினேன்.

கப்புன்னு ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடிச்சுது. பெட்டிக்கடைக்காரர்!

"அம்மா! சைக்கிளம்மா! கொஞ்சம் நில்லுங்க!"

அவ பிரேக் போட்டுத் திரும்பினா. என்னைப் பார்த்தா. என் தொப்பியைப் பார்த்தா. ஒரு கால் தரையில, ஒரு கால் பெடல்ல, அப்படியே சிலை மாதிரி நின்னா. நான் தொப்பியை இன்னும் கீழ இழுத்து விட்டுக்கிட்டேன்.

"அண்ணே, அவரை விடுங்க..."ன்னா அவ, பாதிக் குரல்ல.

"நீங்க சும்மா இருங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது! தினமும் காலையில உங்க சைக்கிளைக் கொண்டு வந்து வைக்கிறதுக்கு ஒரு ஆளைப் போட்டிருக்கீங்களே, இந்த ஆளை முதல்ல மாத்துங்க. நடவடிக்கையே சரியில்ல. நீங்க ஓட்டுறதைத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டு, பைத்தியம் மாதிரி தனியா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்மா!"